நேத்து இல்லாத மரம்



குழந்தைங்களுக்கு முருகன் கதை சொல்லணும்னா நாம உடனே மாம்பழத்துக்குப் போயிடுவோம், இல்லேன்னா சூரசம்ஹாரம். நல்ல கதைங்கதான். ஆனா ஒண்ணுல போட்டி, இன்னொண்ணுல போர். "புதுசா வர்றவங்களையும் நம்மகூட சேர்த்துக்கணும்"னு நாலஞ்சு வயசுப் பிள்ளைக்குப் புரிய வைக்கணும்னா, முருகன் மரமா நின்ன கதையைச் சொல்லுங்க.

அதைச் சொல்ல கொல்லிமலை அருமையான இடம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா, சாமையும் தினையும் இன்னும் விளையுற மண். மலையடிவாரத்துல பேளுக்குறிச்சியில பழனியப்பர் வேடன் கோலத்துல, கையில சேவலோட நிக்கிறார். பிள்ளை கையில ஒரு தினைக்கதிரைக் கொடுத்துட்டு ஆரம்பிங்க.

வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடைச்ச குழந்தை வள்ளி. வேடர் தலைவர் நம்பிராஜன் "நம்ம பொண்ணு"ன்னு தூக்கிட்டுப் போய் வளர்த்தார். வளர்ந்த வள்ளி பரண் மேல உக்காந்து, தினை தின்ன வர்ற கிளிகளை விரட்டுறா. முருகன் வேடன் மாதிரி வந்து அவகிட்ட பேசிட்டு இருக்கார். அந்த நேரம் பார்த்து அப்பா ஆட்களோட வந்துட்டார். சட்டுனு அங்க ஒரு வேங்கை மரம்!

கூட வந்தவங்களுக்குச் சந்தேகம். நேத்து இல்லாத மரம் இன்னிக்கு எப்படி வந்துச்சு? வெட்டிடலாம்னு கிளம்பிட்டாங்க. நம்பிராஜன் தடுத்துட்டார். இருக்கட்டும், வள்ளிக்கு நிழலாகும்னு விட்டுட்டார்.

இந்த இடத்துலதான் நாம கவனமா இருக்கணும். மரம்தான் முருகன்னு பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்க. சாமின்னு தெரிஞ்சா யார்தான் வெட்டுவாங்க? நம்பிராஜனுக்கு அது தெரியாது. அவர் பார்த்தது ஒரு புது மரத்தை, அவ்வளவுதான். அதனால கதையை அங்கேயே நிறுத்தி, "நீ அங்க இருந்தா என்ன சொல்லுவே?"ன்னு கேளுங்க. "வெட்டணும்"னு சொன்னாலும் திட்டாதீங்க. வேங்கையைக் கீறினா ரத்தம் மாதிரி சிவப்பா பிசின் வடியும்னு சொல்லுங்க. அது மஞ்சளா பூக்கும்னு சொல்லுங்க. திரும்பக் கேளுங்க. மரம் யாருன்னு கடைசியில சொன்னா போதும்.

நம்ம ஐடி கம்பெனியில புதுசா ஒருத்தர் சேர்ந்தா 'ஆன்போர்டிங்'னு ஒண்ணு நடத்துவாங்க. மாறவேண்டியது எப்பவும் வந்தவர்தான், ஏற்கெனவே இருக்குற டீம் இல்ல. நம்ம சாமி கதை வேற மாதிரி. தேவசேனாபதியே வேடனா மாறி, மரமா மாறி, அந்தக் காட்டுல நிக்க ஒரு இடம் கேட்ட மாதிரி நிக்கிறார். அதைக் கொடுத்தது ஒரு மலைவேடர்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, மலையிலிருந்து கீழ வந்து படிக்கிற பிள்ளையை "காட்டான்"னு கூப்பிடுற பழக்கம் இன்னும் போகல. அந்த வார்த்தை நம்ம வீட்டுப் பிள்ளை வாயிலயும் வரலாம். அது வர்றதுக்கு முன்னாடி இந்தக் கதை போய்ச் சேரணும். வர்ற சஷ்டிக்குத் தினைமாவுல தேன் விட்டுப் பிசைஞ்சு முருகனுக்கு வைப்பீங்கல்ல, பிரசாதம் கொடுக்கிறப்போ சொல்லிடுங்க. பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடிவந்த குழந்தையையும் கூப்பிட்டுக்கோங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚