கதவு வேண்டாத தாய்

விழும்போது பாடுகிற குருவி ஒன்று தடாப் பக்கத்துப் பொட்டல்களில் இருக்கிறது. மூச்சு வாங்கச் சிறகடித்து மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் இறக்கையை மடக்கிக்கொண்டு, கல்லைப் போட்டாற்போல் விழும். அந்த விழுதலில்தான் நீண்ட சீழ்க்கை ஒன்று எழும். மண்ணில் மோதப் போகிறது என்று நாம் பதறுகிற இடத்தில் சட்டென்று நிமிர்ந்து மறுபடி ஏறும். மறுபடி விழும். மறுபடி பாடும். பறவை நூல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சாம்பல் தலை வானம்பாடி. சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்கு முகமும் வயிறும் கறுப்பு, உச்சந்தலை மட்டும் சாம்பல். என் கண்ணுக்கு அது நீறு பூசிய தலை.

மாசி மாதம். சிவராத்திரிக்குக் காளத்தி போகிறவர்களோடு தடாவிலிருந்து மேற்கே, வரதய்யபாளையம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பழவேற்காட்டு ஏரியின் பக்கமிருந்து வெயில் முதுகில் ஏறத் தொடங்கியிருந்தது. சாலை ஓரத்தில் ஆட்கள் டீக்கு நின்றார்கள். நான் பொட்டலில் இறங்கினேன். காரை முள், கோரைப் புல், இடையிடையே வெறும் மண். அங்கேதான் அவன் விழுந்தான், பாடினான்.

ஐயனே, அந்தச் சீழ்க்கையை எப்படிச் சொல்வேன்! ஏறுகிறவர்கள் பாடிக் கேட்டிருக்கிறேன். பதவி ஏறியவர்கள், படி ஏறியவர்கள், மலை ஏறியவர்கள் எல்லாரும் பாடுகிறார்கள். விழுகிறவன் பாடுவானா? பிடிமானம் எல்லாம் விட்டுப் போன அந்த ஒரு கணத்தில், கீழே என்ன இருக்கிறது என்று பாராமல், தொண்டையைத் திறந்து விடுவானா? என் கண்ணில் நீர் வந்தது. நின்ற இடத்திலேயே கைகள் தலைக்கு மேல் கூடின. நமசிவாய என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவன் மறுபடி ஏறிக்கொண்டிருந்தான்.

இரண்டு அடி முன்னால் வைத்திருப்பேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி கோலை நீட்டிச் சத்தம் போட்டாள்: "சாமி, அக்கட தொக்கொத்து! பிட்ட குட்லு பெட்டிந்தி." மிதிக்காதே, குருவி முட்டை வைத்திருக்கிறது என்கிறாள். குனிந்து பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. கோல் நுனியால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு புல் தூரின் அடியில், உள்ளங்கையில் பாதி அளவு ஒரு குழி. அதற்குள் காய்ந்த புல் மெத்தை. மங்கிய வெள்ளையில் பழுப்புத் திட்டுகளோடு இரண்டு முட்டைகள். குழியின் ஓரத்தில் வரிசையாய்ச் சிறு கற்கள்.

கற்கள்! அலகில் தூக்கக்கூடிய அளவுக் கற்களாகப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறாள் தாய்க்குருவி. இந்தக் குருவியின் கூட்டோரத்தில் இப்படிக் கல் இருப்பதைப் பறவை நூல்களும் குறித்திருக்கின்றன. காரணம் ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். நான் அதில் ஒரு திருச்சுற்றைப் பார்த்தேன். கோபுரம் கிடையாது, கூரை கிடையாது, கதவு கிடையாது. ஆனால் சுற்று மட்டும் உண்டு. உள்ளே இரண்டு உயிர்.

இந்த இடத்தை அவள் ஏன் எடுத்தாள்? வீட்டுக்கு வந்து பல நாள் இதே நினைப்பாக இருந்தேன். படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். புல்வெளிக் குருவிகள் கண்ணை மூடிக்கொண்டு இடம் பிடிப்பதில்லை. முதலில் வெளி வேண்டும், நாற்புறமும் பார்வை ஓட வேண்டும். பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் ஆகாது, மரம் என்றால் அதில் காக்கை உட்காரும், வல்லூறு உட்காரும். புல் அடர்ந்து உயர்ந்திருந்தாலும் இந்தக் குருவிக்கு ஒத்துவராது. இது ஓடி ஓடி விதையும் பூச்சியும் பொறுக்குகிற சாதி, அதற்கு வெறும் மண் வேண்டும். அந்த வெறும் மண்ணுக்கு நடுவே முட்டைக்கு நிழல் தர ஒரு தூரோ மண்கட்டியோ வேண்டும். வெயில் கொளுத்தும் நாடுகளில் வானம்பாடிகள் தூரின் நிழல் விழும் பக்கமாகவே குழி பறிக்கின்றன என்று கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிழல் விலகிவிட்டால் தாய் அடைகாப்பதை விட்டு எழுந்து நின்று, தன் உடம்பையே முட்டைக்குக் குடையாக்குகிறாள். தடாவின் சித்திரை வெயிலில் அடைகாத்தல் என்பது சூடு தருவது மட்டும் அல்ல, சூட்டைத் தடுப்பதும்தான். இந்த இனத்தில் ஆணும் முறை போட்டு உட்காருகிறான்.

இவ்வளவு கணக்குப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்தது எதை? எல்லாரும் நடக்கிற மண்ணை. ஆடு வரும், நாய் வரும், கீரி வரும், பாம்பு வரும், என்னைப் போன்ற பரதேசியின் கால் வரும். ஒளிந்துகொள்ளப் பொந்து இல்லை, சாத்திக்கொள்ளத் தாழ் இல்லை. அவளுக்கு இருக்கும் ஒரே மறைப்பு, மண்ணின் நிறத்திலேயே கிடப்பது.

அப்போதுதான் எனக்குச் சூலூர்பேட்டை அம்மன் நினைவுக்கு வந்தாள். காளங்கி ஆற்றங்கரைச் செங்காளம்மாவைத் தடாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அவள் கோயில் இரவு பகல் திறந்தே இருக்கும். கதவு மாட்டப் போனபோது அம்மனே கனவில் வந்து, என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் காலம் வைக்காதே என்று தடுத்தாள் என்பார்கள். 1971 முதல் ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா அவளுக்குக் கிழக்கே இருக்கிறது. ஏவுதலுக்கு முன் இஸ்ரோவின் தலைவர்களே வந்து அவள் முன் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். விண்ணுக்குப் போகிறவர்கள் கதவில்லாத தாயிடம் உத்தரவு கேட்கிறார்கள். தாயே, உன் ஊருக்குத் தெற்கே ஒரு சின்னஞ்சிறு தாய், உன் வழக்கத்தையே தன் வழக்கமாகக் கொண்டு, கதவில்லாத ஒரு குழியில் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் பார்த்துக்கொள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய், இல்லாவிட்டால் அந்தக் கிழவியின் கோலை அத்தனை சரியாக யார் நீட்டியது?

ஆண் குருவிக்கு வருகிறேன். அவன் வானத்தில் ஆடுவது சும்மா இல்லை. காட்டில் பாடுகிறவனுக்குக் கிளை இருக்கிறது. மரமில்லாத நாட்டில் பாடுகிறவன் என்ன செய்வான்? தானே எழும்பித்தான் மேடையாக வேண்டும். அவன் ஏறி விழுகிற வட்டம்தான் அவன் எல்லை. பக்கத்து ஆண் அதைக் கேட்டு ஒதுங்குகிறான், பெண் அதைக் கேட்டு நெருங்குகிறாள். கல் நடவில்லை, கம்பி கட்டவில்லை, பட்டா வாங்கவில்லை. பாட்டால் போட்ட வேலி அது. அப்பரும் சம்பந்தரும் ஊர் ஊராகப் போய்ச் செய்தது இதுதானே! அவர்கள் பாடின இடமெல்லாம் பாடல் பெற்ற தலம் ஆயிற்று.

இதில் ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போபோலிங்க் என்ற புல்வெளிக் குருவியை வைத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 2006-இல் வெளிவந்தது. இனப்பெருக்கக் காலம் முடிகிற சமயத்தில், அந்தக் குருவிக்கு ஏற்காத நிலங்களில் அதன் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் அதைக் கேட்டன. தென் அமெரிக்கா வரை போய்விட்டு அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தபோது, முதல் முறை இடம் பிடிக்கும் இளசுகள் நிலத்தின் தரத்தைப் பாராமல் அந்தப் பாட்டுக் கேட்ட இடத்தில் வந்து அமர்ந்தன. பெரியவர் பாடின இடம், அங்கே வாழ்வு இருக்கும் என்ற நம்பிக்கை! நான் காளத்திக்கு ஏன் நடக்கிறேன்? நிலத்தை அளந்தா பார்த்தேன்? கண்ணப்பர் அங்கே இருந்தார், அவருக்கு முன் சிலந்தியும் பாம்பும் யானையும் இருந்தன. பாடினவர்கள் அங்கே பாடினார்கள். கேட்டேன், போகிறேன். அந்தக் குஞ்சுகளுக்கும் எனக்கும் காது ஒன்றுதான். ஒலிபெருக்கி வைத்து ஏமாற்றுகிறவர்கள் இரண்டு உலகத்திலும் உண்டு என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. ஐரோப்பிய வானம்பாடியை மெர்லின் என்ற சின்ன ராஜாளி துரத்தும். உயிருக்கு ஓடும்போதும் சில வானம்பாடிகள் பாடும். நன்றாகப் பாடுகிறதை ராஜாளி சீக்கிரம் விட்டுவிடுகிறது, இதற்கு இன்னும் மூச்சு இருக்கிறது, பிடிக்க முடியாது என்று தெரிந்துகொண்டு. 1994-இல் வெளிவந்த ஆய்வு இது. எமன் துரத்தும்போது பாடச் சொன்ன பெரியவர்கள் பொய் சொல்லவில்லை.

தடா வட்டாரம் பறவை ஆராய்ச்சிக்கும் பழைய மண்தான். 1840-களில் நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்த ஜெர்டன் துரை இந்தப் பக்கத்துக் குருவிகளை எழுதி வைத்தார். யானாதிப் பழங்குடி மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறக்கும் வரை தடா நெல்லூர் மாவட்டம்தானே. அவர் பெயரைத் தாங்கிய புதர் வானம்பாடி இந்தியாவையும் இலங்கையையும் விட்டு வேறெங்கும் இல்லை. அதுவும் இதே பொட்டலில் இருக்கிறது. முள் நுனியிலிருந்தோ கம்பியிலிருந்தோ எழும்பி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மெல்ல மிதந்து இறங்கும். அதன் கூடும் தரையில்தான்.

தூக்கணாங்குருவியைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அது பனை ஓலையில் தொங்கவிட்டு, தண்ணீருக்கு மேல் கட்டி, பாதுகாப்பின் உச்சிக்குப் போன குருவி. பாதி கட்டின கூட்டைப் பெண் வந்து உள்ளே புகுந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஆண் மீதியை முடிப்பான். இதை 1930-இல் கிஹிம் கடற்கரையில் உட்கார்ந்து கண்டு சொன்னவர் சாலிம் அலி. அதன் கைவேலைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் என் மனம் தரைக் குருவியோடு போய்விட்டது. திருவேங்கட மலையின் கோனேரியில் ஒரு குருகாய்ப் பிறந்தால் போதும் என்று பெருமாள் திருமொழியில் கேட்டார் குலசேகர ஆழ்வார். அரசர் அவர், கேட்டது கிடைக்கும். எனக்கு அவ்வளவு உயரம் வேண்டாம். மலைக்குப் போகிற வழியில், ஒரு புல் தூரின் நிழலில், கல் சுற்றிய குழி ஒன்று போதும்.

குருவியைப் பார்த்த அன்று இரவு காளத்தி சேர்ந்தோம். வாயுத் தலம். காற்றே புகாத கருவறையில் ஒரு சுடர் ஆடிக்கொண்டே இருக்கும், அங்கே காற்றாக அவன் இருப்பதற்குச் சாட்சி. கூட்டம் நெரித்தது, நின்றது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் சுடர் அசைந்தது. எனக்குள் அந்தச் சீழ்க்கை கேட்டது. காலையில் அவனைக் கையில் ஏந்தி விழவிட்டு, ஏந்தி விழவிட்டு விளையாடிய காற்று நீதானா அப்பா! பொட்டலில் எனக்குத் தரிசனம் கொடுத்து முடித்துவிட்டு, இங்கே வந்து ஒன்றும் தெரியாதவன்போல் விளக்கை ஆட்டிக்கொண்டிருக்கிறாயா! சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். இருக்கட்டும்.

தடாவைச் சுற்றிப் பொட்டல் குறைந்துகொண்டே வருகிறது. தொழிற்சாலை வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் பொட்டலுக்கு அரசாங்கக் காகிதத்தில் தரிசு என்று பெயர், அதனால் அங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மனை வாங்கிப் போட்டிருக்கிற அண்ணாக்களே, நிலம் திருத்தப் போகிற ஐயாக்களே, ஒரு வேண்டுகோள். மாசியிலிருந்து ஆவணி வரை இவை குடும்பம் நடத்துகிற காலம். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். ஜேசிபியை இறக்கும் முன் ஒரு காலை நேரம் போய் நின்று கேளுங்கள். மேலே யாராவது விழுந்து விழுந்து பாடினால் கீழே கூடு இருக்கக்கூடும். முட்டை பொரிய 13, 14 நாள்தான் ஆகும். பிறகு குஞ்சு எழும்பும். ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், போதும்.