கூட்டம் குறைந்த கடைக்கும் ஒரு ஸலாம்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஸ்பென்சர் பிளாசாவை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கிருந்த பழைய கட்டடம் 1983ல் தீக்கிரையானது. 1990களில் அதே இடத்தில் எழுந்த வணிக வளாகம் மக்களால் நிரம்பி வழிந்தது. பொருள் வாங்க மட்டுமல்ல, நண்பர்களைச் சந்திக்கவும், குளிர்ச்சியில் சற்று நடக்கவும் மக்கள் வந்தார்கள். 2010ல் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் வந்தன. பிறகு கைபேசிக்குள்ளேயே கடை வந்துவிட்டது. இன்று அங்கே பல ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. காஷ்மீர் சால்வையும் துணியும் விற்கும் சிறு வியாபாரிகள் வாடிக்கையாளரை எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார்கள்.

"அல்லாஹ்வுக்கு வெறுப்பான இடம் கடைவீதி என்று ஹதீஸ் உள்ளதே, அது போனால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கடைவீதியில் நடக்கும் மோசடி, பொய்ச் சத்தியம், இறைமறதி ஆகியவற்றால்தான் அந்த வெறுப்பு என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஹலாலான வியாபாரத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. மதீனாவுக்கு வெறுங்கையுடன் ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஓர் அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கடைவீதிக்குச் செல்வார்கள். எதையும் வாங்க மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டபோது, ஸலாம் சொல்வதற்காகவே போகிறோம் என்றார்கள். பழைய சாமான் விற்பவரும் ஏழையும் அவர்களுடைய ஸலாமுக்குத் தப்பவில்லை.

சகோதரர்களே! கைபேசியில் பொருள் கிடைக்கும், ஸலாம் கிடைக்காது. "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று எந்தச் செயலியும் கேட்காது. ஒரு கடைவீதி வெறிச்சோடும்போது இதுவும் சேர்ந்தே போகிறது.

எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கூட்டமில்லாத கடைக்கும் ஏறுங்கள், ஸலாம் சொல்லுங்கள். இரண்டு, கடைக்காரரிடம் பத்துச் சேலையை விரிக்க வைத்துவிட்டு, படம் எடுத்துவந்து வீட்டில் ஆர்டர் போடாதீர்கள். அவருடைய உழைப்புக்கும் நேரத்துக்கும் உங்கள் மீது ஹக் உண்டு. மூன்று, நீங்கள் கடையின் உரிமையாளர் என்றால், வாடகை கட்டச் சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுங்கள். கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது.

கடை நடத்தும் சகோதரரே, நீங்களும் மனம் தளராதீர்கள். கட்டடம் ரிஸ்க் அளிப்பதில்லை, அளிப்பவன் அல்லாஹ். வேறு தெரு, வேறு தொழில் தேடுவதும் தவக்குலுக்கு மாற்றமல்ல. ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடச் சொன்னவன் அவனே.

நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நலிந்தவருக்குத் தோள் கொடுக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.