அச்சமும் ஆஸ்திகமும்

சர்வ வல்லமையும் பரம கருணையும் ஒருங்கே உடைய ஒருவன் உலகத்தை ஆள்கிறான் என்றால், ஒரு பாவமும் அறியாத சிசுவின் மரணத்துக்கு என்ன சமாதானம் சொல்வது என்ற கேள்வி, வேதாந்திகளையும் பாதிரிமார்களையும் காலங்காலமாக அலைக்கழித்து வருகிறது. பேய்க்கதை எழுதிப் பெரும் பொருள் ஈட்டிய ஓர் அமெரிக்க நாவலாசிரியர், அவர்களில் பலரைக் காட்டிலும் நேர்மையாக அக்கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் இலக்கிய ரசிகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் ஸ்டீஃபன் கிங்கின் நூல்களை ஊன்றிப் படித்த எனக்கு உண்டான அபிப்பிராயம் அதுவே.

1947-ல் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பிறந்த அவருக்கு இரண்டு வயதானபோது, சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்லிப் போன தகப்பனார் திரும்பி வரவேயில்லை. கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து இரு பிள்ளைகளை வளர்த்த தாயார், 1974-ல் மகனுடைய முதல் நாவலான 'கேரி' வெளிவருமுன்பே புற்றுநோய்க்கு இரையானார். மெதடிஸ்ட் சபையில் வளர்ந்த பிள்ளை, சலவை ஆலைத் தொழிலாளியாகவும் பள்ளி ஆசிரியராகவும் வறுமையில் உழன்று, மனைவி குப்பைக்கூடையிலிருந்து மீட்டுக்கொடுத்த அந்தக் கையெழுத்துப் பிரதியினால் செல்வரான கதையைப் பலரும் அறிவார்கள்.

என் மனத்தை விட்டு நீங்காதது வேறொன்று. தாம் படித்த மேய்ன் பல்கலைக்கழகத்திலேயே 1978-ல் ஆசிரியப் பணி ஏற்று, ஆரிங்டன் என்ற சிற்றூரில் வாடகை வீட்டில் அவர் குடியிருந்த சமயம், பார லாரிகள் பாய்ந்தோடும் வீட்டெதிர்ச் சாலையில் மகளுடைய பூனை அடிபட்டு இறந்தது. பின்புறக் காட்டில், ஊர்க் குழந்தைகள் தங்கள் செல்லப் பிராணிகளுக்கென்று அமைத்திருந்த இடுகாட்டில் அதைப் புதைத்தார்கள். பிறகு ஒருநாள் அச்சிறுமி தனியே குதித்துக் குதித்து, கடவுளுக்குப் பூனை வேண்டுமானால் அவர் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், இது என்னுடையதல்லவா என்று கதறியதைத் தகப்பனார் கேட்டார். இதைத் தெய்வ நிந்தனை என்று நான் கருதமாட்டேன். கேட்பவர் ஒருவர் உண்டு என்று உள்ளூர நம்புகிறவருக்கே இத்தகைய ஆத்திரம் வரும். அப்பெண் பிற்காலத்தில் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபையின் போதகரானார். அதே சாலையை நோக்கி இளைய மகனும் ஒருநாள் ஓடி, மயிரிழையில் தப்பினான்.

தப்பாதிருந்தால் என்ற நினைவிலிருந்து பிறந்ததே 'பெட் செமட்டரி' நாவல். எழுதி முடித்தவரே அதன் கொடுமைக்கு அஞ்சி ஒதுக்கி வைத்தார்; பழைய பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி தரவேண்டியிருந்த ஒரு நூலைக் கொடுத்துத் தீர்ப்பதற்காகவே 1983-ல் அது வெளிவந்தது. லாரியில் அடிபட்டு மாண்ட மகனை, மாண்டவர் மீளும் நிலத்தில் புதைப்பதற்காக, லூயிஸ் கிரீட் என்னும் மருத்துவன் நள்ளிரவில் தன் கையாலேயே கல்லறையைத் தோண்டுகிறான். அங்கே புதைத்த பூனை துர்நாற்றத்தோடும் குரூரத்தோடும் திரும்பி வந்ததைக் கண்ணாரக் கண்டவன், பலன் இன்னதென்று அறிந்தும் மண்வெட்டியை எடுக்கிறானே, அவனைச் செலுத்துவது பகையன்று, பேராசையன்று, கலப்பற்ற புத்திர வாத்ஸல்யம். நன்மையின் ஊற்றென்று நாம் போற்றும் பாசமே தீமைக்குக் கதவு திறந்துவிடுகிறது என்பதை இத்தனை நெருக்கத்தில் காட்டிய நூல்கள் சிலவே. நாவலின் பகுதிதோறும் முகப்பில் லாசரு உயிர்த்தெழுந்த சுவிசேஷக் கதையைக் கிங் வைத்திருப்பது தற்செயலன்று. லாசரு அருளால் எழுந்தான். சாவித்திரியும் யமனிடம் வாதாடி வரமாகவே கணவனைப் பெற்றாள். கிரீடோ யாரிடமும் இரக்கவில்லை; தானே எடுத்துக்கொண்டான்.

அதே கேள்வியை மீண்டும் எழுப்பும் 'டெஸ்பரேஷன்' நாவல் 1996-ல் வந்தது. பிரார்த்தனையால் நண்பனை உயிர்பிழைக்க வைத்த சிறுவன் ஒருவன், அந்த அருளுக்கு ஈடாகத் தன் குடும்பத்தையே இழக்கிறான். கடவுள் கொடியவர் என்ற முறையீட்டையும் கடவுள் அன்பே என்ற வேத வாக்கியத்தையும் அந்நூல் அருகருகே நிறுத்துகிறது. 1999 ஜூனில் சாலையோரம் நடந்துகொண்டிருந்த கிங்கின்மீது வேன் மோதி, கால் பல துண்டாக முறிந்து, அவர் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அவ்வாறு மீண்டவரும், கடவுளை நம்புவதைத் தாமே தேர்ந்துகொண்டதாகச் சொல்பவருமான அவர்தான், 2014-ல் வெளியிட்ட 'ரிவைவல்' நாவலில், மனைவியையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்த போதகர் பிரசங்க மேடையிலேயே விசுவாசத்தைத் துறப்பதையும், மரணத்துக்கு அப்பால் எட்டிப்பார்த்து, கருணையின் சாயலே இல்லாத ஓர் உலகத்தைக் காண்பதையும் வருணித்தார். அந்தக் காட்சியை மெய்யென்று ஏற்க எனக்கு மனமில்லை. ஆயினும் தம் நம்பிக்கை பொய்த்துப்போனால் எஞ்சுவது என்னவென்று இவ்வளவு துணிந்து நோக்கிய ஆஸ்திகர் ஒருவரிடத்தில் எனக்குப் பெருமதிப்பு உண்டு.