பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

வீட்டில் யாரும் இப்போது கேபிள் பார்ப்பதில்லை. அம்மாகூட சீரியலை போனில்தான் பார்க்கிறார். மாதப் பணத்தைக் கட்டாமல் விட்டாலே போதும், இணைப்பு தானாக நின்றுவிடும். ஆனால் எங்கள் தெருவுக்கு லைன் இழுத்த கேபிள் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதா? தேவை முடிந்துபோன ஒருவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

திண்டுக்கல் பக்கம் ஒருகாலத்தில் ஆண்டெனாக்களெல்லாம் கொடைக்கானல் மலையைப் பார்த்தே நின்றன. 1993-இல் சன் டிவி வந்தது, அதன் பின்னால் கேபிள்காரர்கள் வந்தார்கள். 2006-இல் அரசு இலவச டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்றானது. இவ்வளவு மாற்றத்திலும் சேனலுக்கும் வீட்டுக்கும் நடுவே சைக்கிளில் வசூலுக்கு வரும் ஓர் ஆள் இருந்தார். 2017-இல் சன் நெக்ஸ்ட் வந்தபோது சேனலே நேராக நம் போனுக்குள் வந்துவிட்டது. விஜய் டிவி சீரியலின் அன்றைய பகுதியை, சந்தா கட்டியவர்கள் டிவிக்கு முன்பே ஹாட்ஸ்டாரில் பார்க்க முடிந்தது. நடுவில் இருந்தவருக்கு அங்கே வேலை இல்லை.

இதற்காகக் கண்ணீர் விடுவதும் பொய்தான். டிவி வந்து டூரிங் டாக்கீஸ்கள் மூடியபோது, டிக்கெட் கிழித்தவர் என்ன ஆனார் என்று நாம் கேட்கவில்லை. கேபிள் அண்ணனும் தியாகி இல்லை. மழையில் லைன் அறுந்தால் நான்கு நாள் ஆளையே காணோம். தெருவில் வேறு கேபிளும் கிடையாது.

ஆனாலும் ஒன்று மறக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று மாதம் பணம் கட்டவில்லை. "அத விடுப்பா, மொதல்ல அப்பாவப் பாரு" என்றார். பின்னால் பாக்கியைக் கட்டிவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு எதைக் கட்டுவது? நான் எந்தக் காட்சியில் படத்தை நிறுத்தினேன் என்று செயலிக்குத் தெரியும். ஏன் பணம் கட்டவில்லை என்று அது கேட்காது.

பெட்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எல்லாரும் அப்படித்தான் தம்பி. நீயாச்சும் வந்து சொன்னியே."

பழைய மூன்று மாதக் கதையை எடுத்தேன். சிரித்தார். "இப்ப அப்படியெல்லாம் விட முடியாதுப்பா. முன்கூட்டியே கட்டணும், இல்லன்னா கம்ப்யூட்டரே நிறுத்திரும். ரெண்டு வீட்டுக்கு நான்தான் கைக்காசு போட்டுக் கட்டிட்டிருக்கேன். வயசானவங்க."

பொறுமைக்கு முன்பு செலவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மாதாமாதம் ஒரு விலை இருக்கிறது, அதை அவர் கொடுக்கிறார். ஒரு தொழிலைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இல்லைதான். ஆனால் என்னிடம் பொறுமை காட்டிய ஒருவரிடம் முகம் கொடுக்காமல் நழுவும் உரிமையும் இல்லை.

கிளம்பும்போது கேட்டார், "நெட்டு லைனும் இப்ப நான்தான் குடுக்குறேன். போடவா?"

ரேட் நான் விசாரித்ததைவிட நூறு ரூபாய் அதிகம். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று வந்துவிட்டேன்.

அந்த ரெண்டு வீடு எதுவென்று யோசித்துக்கொண்டே தெருவில் நடந்தேன். மறுநாள் அவரை வரச் சொன்னேன்.