கோடரிக்குப் பிடி

ஈகையை எதைக் கொண்டு அளப்பது? கொடுத்த பொருளின் அளவைக் கொண்டா, கொடுத்தவர் உள்ளத்தின் தூய்மையைக் கொண்டா? மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டென நாம் கருதுகிறோம். பெற்றவர் மீண்டும் அதே வாயிலில் வந்து நிற்க நேர்கிறதா என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன், ரமலானில் ஜகாத் பெற வந்தோர் வரிசையில், நாம் நன்கறிந்த கைம்பெண் ஒருவருக்குப் பதிலாக அவருடைய மகன் நின்றான். பதினாறு வயது, நம்மிடம் ஓதிய பிள்ளை. "அம்மாவுக்கு முடியலைங்க ஹஜ்ரத், அதனால நான் வந்தேனுங்க" என்றான். பத்தாண்டுகளாக அவ்வீட்டுக்கு அரிசியும் துணியும் தவறாமல் கொடுத்திருந்தோம். அன்று நாணினோம். அந்த வரிசையையே அல்லவா அப்பிள்ளைக்கு வாரிசுச் சொத்தாக்கியிருந்தோம்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்த வரலாறு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவர் வீட்டிலிருந்த துணியையும் கிண்ணத்தையும் வரவழைத்து, இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் ஆக்கினார்கள். தம் திருக்கரத்தாலேயே கோடரிக்குப் பிடி பூட்டி, "விறகு வெட்டி விற்பீராக, பதினைந்து நாள் உம்மை நான் காணலாகாது" என்னும் கருத்துப்பட மொழிந்து அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார். 'காணலாகாது' என்பதில்தான் எத்துணைப் பரிவு!

அத்தகைய பிடி பூட்டும் பணிக்கு நம் பீளமேட்டிலேயே சான்றுண்டு. பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர் குடும்பச் செல்வத்தை ஐந்து பங்காக்கி, அறத்தையும் ஓர் உடன்பிறப்பாகக் கருதி ஐந்தாம் பங்கை அதற்கு அளித்தனர். 1926-இல் பூ.சா.கோ. அறநிலையம் உருவாயிற்று. தொழிற்கூடமும், 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் அதன்வழி எழுந்தன. பாடமும் பட்டறையும் அருகருகே அமைந்தன. யாரோ பெற்ற பிள்ளைகளுக்கும் அக்குடும்பத்தின் செல்வத்தில் பங்கு கிடைத்தது.

'மனித வளம்' என்று இன்று பேசுகிறோம். மனிதனைப் பஞ்சுப் பொதியோடு சேர்த்து எண்ணுவதாயின் அச்சொல் நமக்கு வேண்டாம். ஆலைக்கு ஆள் சேர்ப்பது வேறு. ஆளைத் தன் காலில் நிற்கச் செய்வது வேறு.

அப்படியாயின் முதியோர்க்கும் நோயாளர்க்கும் கையை மூடுவதா? ஒருபோதும் இல்லை. அவர்களுக்கு அரிசியே அறம். ஆனால் உழைக்க வல்லவனுக்கு அரிசியோடு நின்றுவிடுவது அரைகுறை அறம். தொழில் அறிந்த ஏழைக்குக் கருவி வாங்கும் அளவு ஜகாத் வழங்கலாமென இமாம் நவவீ போன்ற ஷாஃபியீ மேதைகள் அன்றே எழுதி வைத்துள்ளனர்.

அப்பிள்ளையை லேத் பட்டறை ஒன்றில் சேர்த்தோம். கற்றுத் தேறும்வரை வீட்டுச் செலவுக்கும் வழி செய்தோம். மறு ரமலானில் அவன் வரவில்லை. உண்மையை ஒப்புக்கொள்கிறோம்: நம் கண்கள் வரிசையில் அவனைத் தேடின, சலாம் ஒன்று குறைந்ததுபோல் நெஞ்சில் ஒரு வெறுமை. கொடுப்பவனுக்குள் ஒளிந்திருக்கும் நோய் அதுவே. நம்மை நாடி நிற்போர் குறையக் குறைய நம் மனம் மகிழுமாயின், அன்றே நம் ஈகை நிறைவுறும்.