தண்டச்சோறு

போன வாரம் அப்பா நாலு வாய் கஞ்சியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்டா. எனக்கெதுக்கு வீணா... தண்டச்சோறு." பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறுகிறது. இந்த ஒரு சொல் மட்டும் குழறவில்லை. படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் நான் வீட்டில் கிடந்த இரண்டு வருடமும் தினம் புழங்கிய சொல். நாக்குக்குப் பழக்கம் இருக்கும்தானே.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தியவர். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்ற கணக்கு இல்லாமல் அந்தத் தொழில் ஒரு மாதம்கூட ஓடாது. வெள்ளச்சி என்று ஒரு பசு இருந்தது. ரெண்டு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை, பாலும் வற்றிவிட்டது. "தவிடு, புண்ணாக்கு எல்லாம் வீணாப் போகுது" என்று சந்தைக்கு ஓட்டிப் போனார். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடிமாடாகத்தான் போகிறது என்று எனக்கும் தெரியும். அந்தப் பணம் என் முதல் வருடக் கல்லூரிக் கட்டணமானது. நான் படித்தது விலங்கியல்.

இப்போது ட்யூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். வருடா வருடம் அதே பிரமிடு. புல்லில் 10,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளிக்கு 1,000, தவளைக்கு 100, பாம்புக்கு 10. பத்து விழுக்காடு விதி, லிண்ட்மேன், 1942, ஒரு மார்க். "மீதி தொண்ணூறு எங்க சார் போகுது?" என்று யாராவது கேட்பார்கள். கொஞ்சம் தின்னப்படாமலே மட்கும், கொஞ்சம் செரிக்காமல் கழிவாகும், மற்றதெல்லாம் சுவாசத்தில் எரிந்து "வெப்பமா வீணாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பலகையை அழிப்பேன். அப்பாவின் வாயிலிருந்து கேட்ட பிறகுதான், நானும் பதினொரு வருடமாக அதே வீணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அன்றிரவு லிண்ட்மேனின் கட்டுரையை எடுத்துப் படித்தேன். ரேமண்ட் லிண்ட்மேன் அமெரிக்காவின் மினசோட்டாக்காரர். அங்கே சீடர் பாக் என்கிற, தூர்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன ஏரியை ஐந்து வருடம் ஆராய்ந்தார். மனைவி எலினார் கூடவே இருந்து உதவினார். பாசி, புழு, மீன் என்று பட்டியல் போடுவதோடு நிற்காமல் எல்லாவற்றையும் கலோரியாக மாற்றி, யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டார். ஒரு சதுர சென்டிமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு வருடத்தில் விழும் வெயில் 1,18,872 கலோரி. தாவரங்கள் அதில் பிடித்துக்கொண்டது 111. அவற்றைத் தின்பவற்றுக்குப் போனது 14.8. அவற்றையும் தின்பவற்றுக்கு 3.1. (நாங்கள் மனப்பாடம் பண்ணவைக்கும் அந்த வட்டமான பத்து இதில் எங்கேயும் இல்லை. ஓரிடத்தில் 13, அடுத்ததில் 20க்கு மேல்.) 'எகாலஜி' இதழுக்காகக் கட்டுரையைப் பார்த்த இரண்டு மூத்த ஏரி ஆய்வாளர்கள் இதைப் போட வேண்டாம் என்றார்கள். கோட்பாடு அதிகம், தரவு போதாதாம். யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய வழிகாட்டியாக இருந்த ஹட்சின்சன் பரிந்து எழுதிய பிறகே ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். 1942 அக்டோபரில் அச்சானது. லிண்ட்மேன் அந்த ஜூனிலேயே கல்லீரல் நோயில் இறந்துவிட்டார். 27 வயதுகூட ஆகவில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு ஓர் இடம். மேல்படிக்குப் போகப் போக மூச்சுக்காகும் செலவு கூடுகிறது என்கிறார். உடலாகச் சேர்வதோடு ஒப்பிட்டால் தாவரங்களுக்கு அந்தச் செலவு 33 விழுக்காடு, அவற்றைத் தின்பவற்றுக்கு 62, வேட்டையாடிகளுக்கு நூறையும் தாண்டுகிறது. இருந்த இடத்திலேயே வெயிலை வாங்கிக்கொள்ளும் பாசிக்கு அலைச்சல் இல்லை. இரையைத் தேடி ஓடுகிற உயிருக்கு உண்டு. உடம்பைச் சூடாகவே வைத்திருக்க வேண்டிய பறவைகளும் பாலூட்டிகளும் இன்னும் பெரிய ஊதாரிகள். செரித்ததில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, மிஞ்சிப்போனால் மூன்றோதான் சதையாகத் தங்கும்.

சரி, இதை வீண் என்று சொல்வது யார்? தவளை எரித்தது பாம்புக்குத்தான் நஷ்டம். தவளைக்கு அதுதான் தாவல், மழை ராத்திரியில் இணையைக் கூப்பிட்ட கத்தல், எல்லாம். பாம்புக்குப் போய்ச் சேர்ந்தது தவளையின் பிணம் மட்டும். பிரமிடில் ஒவ்வொரு படியையும் அதற்கு மேலே இருப்பவனின் பசியிலிருந்து அளக்கிறோம். அப்படி அளப்பதில் தப்பில்லை, ஒரு ஏரி எத்தனை மீனைத் தாங்கும் என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் அதையே ஓர் உயிரின் மதிப்பாக எடுத்துக்கொண்டால், நமக்கே தெரியாமல் தின்கிறவனின் இலையில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அங்கிருந்து பார்த்தால் வேலையில்லாத பிள்ளையும் படுத்துவிட்ட கிழவரும் தண்டச்சோறாகத்தான் தெரிவார்கள்.

அப்பா ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 1,200 கிலோகலோரி இருந்தால் அதிகம். கணக்குப் போட்டால், 60 வாட் குண்டு பல்பு ஒன்று ராத்திரி பகலாக எரிவது மாதிரி. ரெண்டு மணிக்கு எழுந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடு இருக்கா என்று. அதைத்தான் வகுப்பில் வீணாகப் போவதாகச் சொல்லித் தருகிறேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட நினைத்தேன். "அப்ப வெள்ளச்சி?" என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. அதுவும் கட்டுத்தரையில் மூச்சு விட்டுக்கொண்டுதானே நின்றது. தீவனத்துக்குக் காசில்லை என்பது நிஜம். வந்த காசில் நான் படித்தேன் என்பதும் நிஜம். மனுஷன் வேற மாடு வேற என்று முடித்துவிடலாம்தான். ஆனால் மேலே நான் சொன்ன நியாயத்தில் அப்படி ஒரு கோடு எங்குமே இல்லை. அப்பாவுக்காவது மாட்டுக்கும் மகனுக்கும் தனக்கும் ஒரே கணக்கு. நான் எனக்கு வேண்டியவருக்கு மட்டும் கணக்கை மாற்றப் பார்க்கிறேன்.

நேற்று மறுபடி கஞ்சி எடுத்துப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். என்ன தோன்றியதோ, "வெள்ளச்சிய வித்ததுக்கு எவ்ளோப்பா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது... கழுத்துக்குக் கீழ சொறிஞ்சு விட்டா... கண்ண மூடிக்கும்" என்றார். விலையைச் சொல்லவில்லை. நான் ஸ்பூனை நீட்டினேன். வாயைத் திறந்தார்.