ஞாயிற்றுக்கிழமையில் பின்னல் வேலை பாவமா?



ஒரகடத்து ஆலைகளில் உழைத்து, விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுள் சிலர் வடகிழக்கு மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஒருத்தி ஞாயிறன்று பூசை கண்ட பிறகு, குளிரில் வாடும் தன் தாயாருக்கென்று இரு நிறக் கம்பளி நூலால், தலைவழியாக மாட்டிக்கொள்ளும் வளைய மப்ளர் ஒன்று பின்னுகிறாள். உடனிருப்பவளோ, "ஓய்வுநாளில் ஊசி எடுப்பது பாவம்" என்று தடுக்கிறாள். இவர்களுள் யார் சொல்வது சரி?

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1248-ஆம் விதியில் ஞாயிறன்று 'ஊழிய வேலை'யை விலக்கிற்று. ஆகவே அக்கால நீதிநெறி ஆசிரியர்கள், தையல் அதில் சேருமா, பின்னல் சேருமா என்றெல்லாம் தர்க்கித்தார்கள். 1983-ஆம் ஆண்டின் சட்டமோ 1247-ஆம் விதியில் வேறோர் அளவுகோலைத் தருகிறது. தேவ ஆராதனைக்கும், ஆண்டவருடைய நாளுக்குரிய சந்தோஷத்திற்கும், மனமும் சரீரமும் இளைப்பாறுவதற்கும் தடையான வேலைகளையே அது விலக்கச் சொல்லுகிறது.

இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆறு நாளும் அவள் கை இயந்திரத்தின் வேகத்திற்கு ஓடுகிறது. அவள் செய்த பொருள் யார் வீட்டுக்குப் போகிறதென்று அவளுக்குத் தெரியாது. ஞாயிறன்று பின்னும் மப்ளரோ எந்தக் கழுத்துக்கென்று அவளுக்குத் தெரியும். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. யோப்பா பட்டணத்துத் தபீத்தா விதவைகளுக்கு உடைகள் செய்துகொடுத்தாள். அவள் இறந்தபோது அவர்கள் அவற்றை அர்ச். இராயப்பருக்குக் காட்டி அழுதார்களென்று நடபடியாகமத்தில் வாசிக்கிறோம். அத்தகைய அன்பின் வேலை பாவமாகாது.

ஆனால் அதே ஊசியும் அதே நூலும் வேறாகவும் முடியும். உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று ஒருவர் நூலைக் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் வேண்டுமென்று நெருக்கினால், அந்தப் பின்னல் அவள் இளைப்பாறுதலைத் திருடிவிடும். வறுமையால் அதற்கு இணங்குகிறவளைக் குற்றஞ்சாட்டாதீர்கள். நெருக்குகிறவன் தன் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நாமும் கேட்டுக்கொள்வோம். 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம்கூட, ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு முழுநாள் விடுமுறை தரவேண்டுமென்று விதித்தது. நம் வீட்டு வேலைக்காரிக்கு அப்படியொரு நாள் உண்டா? ஞாயிறு மாலைக்குள் ரவிக்கை வேண்டுமென்று தையற்காரரை விரட்டிவிட்டுக் கோவிலுக்கு வருகிறோமே, அவர் எப்போது பூசை காண்பார்?

இரு நிறப் பின்னலில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நூல் வேலை செய்யும். மற்றது பின்புறமாகச் சும்மா போகும். புதிதாய்ப் பழகுகிறவர்கள் அந்தச் சும்மா போகும் நூலை இறுக்கி இழுத்துவிடுவார்கள். துணி சுருங்கி, தலையில் நுழையாமற் போகும். தளர்த்தி விட்டாலோ, அதுவே உட்புறத்தில் இரண்டாம் படலமாய்ப் படிந்து வெதுவெதுப்பைத் தரும். ஓய்வும் அப்படித்தான். அதை வீணென்று எண்ணி ஒருவருடைய நாளையும் இறுக்கி இழுக்காதீர்கள். இந்த வாரம் உங்கள் கீழ் வேலை செய்யும் ஒருவருக்காவது ஒரு முழுநாளை விட்டுக்கொடுங்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு